2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கில் திரையிசை கேட்கவும் அதைப் பற்றிப் பேசவும் கூடிவரும் நம் சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். செயலவை ஆறு முறை கூடியது. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டியவை நேரத்தோடு அனுப்பப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

முதலில் ஒரு பிழையைப் பதிவு செய்ய வேண்டும். ஜூன் மாத அழைப்பிதழில் மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விசுவநாதனின் பிறந்தநாள் ஜூலை 14 என்று அச்சாகிவிட்டது. 2015இல் அவர் மறைந்த நாள் அது. அவர் பிறந்தது 1928 ஜூன் 24. கைப்பேசியில் வந்ததைச் சரிபார்க்காமல் எடுத்துப் போட்டவன் நான். பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா ஒருவர் விடிந்ததும் அழைத்தார். "தம்பி, அவரும் கவிஞரும் ஒரே தேதியில பொறந்தவங்க. ஊருக்கே தெரிஞ்சத நம்ம சங்கம் தப்பா போடலாமா?" என்றார். கண்ணதாசன் 1927 ஜூன் 24இல் பிறந்தவர். ஒரு வருட இடைவெளியில், ஒரே தேதியில் பிறந்து, எத்தனை நூறு பாடல்களில் சேர்ந்தே நின்றவர்கள்! அழைப்பிதழைத் திருத்தி மறுபடியும் அச்சிட்டோம்.

அதன்பின் செயலவை ஒரு முடிவெடுத்தது. நம் மேடையில் சொல்லப்படும் எந்தத் தேதியையும் இருவர் தனித்தனியே பார்த்துக் கையெழுத்திட வேண்டும். படம் தணிக்கையான நாள், திரைக்கு வந்த நாள், இசைத்தட்டு வெளிவந்த நாள் ஆகிய மூன்றும் வேறுவேறாக இருக்கலாம். இசைத்தட்டு உறையில் இருக்கும் ஆண்டை மட்டும் வைத்துப் பொன்விழா கொண்டாடினால், தவறான ஆண்டில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

ஆகஸ்ட் 15 நிகழ்ச்சிதான் இந்த ஆண்டின் உச்சம். 'அபூர்வ ராகங்கள்' திரைக்கு வந்து சரியாக 50 ஆண்டுகள். இந்தியில் 'ஷோலே' வெளிவந்ததும் அதே 1975 ஆகஸ்ட் 15தான். ரஜினிகாந்த் என்ற பெயர் திரையில் முதலில் தெரிந்த படம் என்பதால் இளையவர்கள் நிறைய வந்தார்கள். அவர் வெளிவாசல் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே வரும் காட்சியைப் போட்டபோது விசில் அடங்க நேரமானது. ஆனால் அந்த மாலையை நாங்கள் ஏற்பாடு செய்தது பாடல்களுக்காக. 'அதிசய ராகம்' பாடலை இசைத்தட்டிலேயே ஓடவிட்டோம். நம் வயலின் ஆசிரியர் எழுந்து, மகதி ராகத்தின் நான்கு சுரங்களை, ச, க, ப, நி என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். ஒரு ராகத்துக்கு ஐந்து சுரமாவது வேண்டும் என்ற பழைய வழக்கத்தைத் தாண்டி பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய ராகம் அது. ஜேசுதாஸ் பாடிக்கொண்டே வந்து, முடிவில் நாயகியின் பெயரான 'பைரவி'யைச் சொல்லும் இடத்தில் பாட்டே பைரவி ராகத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஆசிரியர் ஊசியைத் தூக்கி, அந்த இடத்தை மட்டும் மூன்று முறை வைத்துக் காட்டினார். மூன்றாவது முறை கூட்டம் முழுவதும் சேர்ந்து "ஆ" என்றது. 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாடலுக்கு வாணி ஜெயராம் தேசிய விருது பெற்றதையும் அன்று சொன்னோம். கதவைத் திறந்தவரை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. பாடியவர்களை நினைவில் வைப்பது நம் போன்ற சங்கங்களின் வேலை.

மலாய்த் திரையுலகின் நடிகரும் பாடகருமான பி.ரம்லி முதன்முதலாக இயக்கிய 'பெனாரிக் பேச்சா' (1955) 70 ஆண்டை எட்டியதையொட்டி ஜாலான் பி.ரம்லியில் உள்ள அவருடைய மரவீட்டுக்குப் போய்வந்தோம். அவரைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல்.கிருஷ்ணன் என்ற தமிழர் என்பது உடன் வந்த பிள்ளைகள் பலருக்குப் புதிய செய்தி.

செப்டம்பர் 25, எஸ்.பி.பி. மறைந்த ஐந்தாம் ஆண்டு நினைவு நாள். முன்பணம் கட்டியிருந்த மண்டபத்தை அன்று வேறொரு விசேஷத்துக்கும் கொடுத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குத்தான் தெரிந்தது. பணம் திரும்ப வந்தது, மனவருத்தம் போகவில்லை. லிட்டில் இந்தியாவில் உறுப்பினர் ஒருவரின் கடை அஞ்சடியில், அதாவது கடைக்கு முன்னுள்ள நடைபாதையில், நாற்காலி போட்டு, ஒரே ஒலிபெருக்கியோடு நடத்தினோம். 'ஆயிரம் நிலவே வா' ஒலித்தபோது பக்கத்துப் பூக்கடை அம்மா சரம் தொடுப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து நின்றார். காய்ச்சலில் கிடந்த இளம் பாடகருக்காக எம்.ஜி.ஆர். காத்திருந்த கதையை எங்களுக்கு முன் அவரே சொல்லி முடித்துவிட்டார்.

நவம்பர் புதிர்ப் போட்டியில் ஒன்று என் மனத்தில் நின்றது. 'மடை திறந்து' எந்தப் படம் என்ற கேள்விக்கு நான்கு மாணவர்கள், அதை ராப் பாட்டாக மறுபடி பாடிய நம் நாட்டுக் கலைஞர் யோகி பியின் பெயரை எழுதியிருந்தார்கள். 1980 நவம்பர் 6இல் வந்த 'நிழல்கள்' படத்தின் பாட்டு, வாலி எழுதியது, இளையராஜாவே அதில் தோன்றுவார் என்று விளக்கி, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். மதிப்பெண் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் எழுதியதில் ஓர் உண்மை இருந்தது. நம் மண்ணில் பிறந்த குரல் வழியாகத்தான் அந்தப் பாட்டு அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

செபெராங் பிறைத் தோட்டமொன்றில் வளர்ந்த மூத்த உறுப்பினர் ஐயா, தம் பாட்டு நோட்டுகளைச் சங்கத்திடம் ஒப்படைத்தார். வானொலியின் தமிழ்ப் பகுதியில் கேட்டுக் கேட்டு எழுதியவை. காதில் சரியாக விழாத சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறார். அடுத்த முறை ஒலிபரப்பாகும்போது வேறு மையில் நிரப்பியிருக்கிறார். ஒரு பாட்டில் இன்னும் ஒரு சொல் காலியாகவே இருக்கிறது. நாங்கள் அதை நிரப்பவில்லை.

வரும் ஆண்டில் மே 14 'அன்னக்கிளி'யின் பொன்விழா, இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமான 50ஆம் ஆண்டு. யோகி பி குழுவினரின் 'வல்லவன்' இசைத்தொகுப்புக்கும் 20 ஆண்டு ஆகிறது. இரண்டுக்கும் ஒலிநாடாவோ இசைத்தட்டோ வீட்டில் வைத்திருப்பவர்கள் உறையோடு கொண்டுவந்து கொடுங்கள், படமெடுத்துத் திருப்பித் தருகிறோம். மண்டபத்துக்கு இம்முறை எழுத்துமூல உறுதி வாங்கியிருக்கிறோம்.

துணை நின்ற செயலவைக்கும், அன்று அஞ்சடியில் இடம் கொடுத்தவருக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு முன்மொழிகிறேன்.

செயலாளர்