ஒரு நாள் பயிலரங்கில் வருமா தலைமைப் பண்பு?

ஐயா,

‘தலைமைப் பண்பு வளர்ப்பு’ என்று பள்ளி, கல்லூரிகளில் ஒரு நாள் பயிலரங்கம் நடத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. பேச்சாளர் வருகிறார், கைதட்டல், சான்றிதழ், அப்புறம் சாப்பாடு. மறுநாள் முதல் வகுப்புக்கே பாதிப் பேர் தாமதம்.

1948-இல் தொடங்கிய தேசிய மாணவர் படை (என்.சி.சி.) இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துவருகிறது. அணிவகுப்பு நாளில் ஷூவுக்குப் பாலிஷ், பெல்ட்டின் பித்தளைக்குப் பிராசோ, சட்டைக்கு இஸ்திரி எல்லாம் அவரவர் பொறுப்பு. (அணிவகுப்பு முடிந்ததும் கிடைக்கும் பரோட்டாவுக்காக வருகிறவர்களும் உண்டு, வரட்டுமே!) முகாமுக்குப் போனால் விடியுமுன் எழுந்து ஓட வேண்டும், தட்டைத் தானே கழுவ வேண்டும். கார்ப்பரல், சார்ஜென்ட் என்ற பதவிப் பட்டைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஜூனியர்களை வரிசையில் நிறுத்தி, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரிப்பதை ஒருமுறை பாருங்கள், தலைமைப் பண்பு குரலிலேயே தெரியும்.

இந்தப் படையில் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை, சரி. காலை வழிபாட்டுக் கூட்டம், நூலகம், விளையாட்டுச் சாமான் அறை ஆகியவற்றை வாரம் ஒரு மாணவரிடம் முழுப் பொறுப்பாக ஒப்படைக்கப் பள்ளிகள் முன்வரலாம். பயிலரங்கச் செலவும் மிச்சம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி