சவ்வுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் கொலஸ்ட்ராலை ‘இரத்தத்தில் சேரும் கழிவு’ என்று எழுதியிருந்தீர்கள். தேன்கனிக்கோட்டையில் இருக்கும் என் அக்கா அதைப் படித்துவிட்டு முட்டையோடு செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயையும் ஒதுக்கிவிட்டார். முட்டையைப் பற்றி அவருடைய மருத்துவர் சொல்லட்டும். கடலை எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்றே சொல்லலாம்.

கொலஸ்ட்ரால் இரத்தக்குழாயில் படிகிறது என்பது உண்மைதான்; ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் மிகுந்தவர்கள் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் கழிவு என்றால், ஈரல் அதை ஏன் நாள்தோறும் உண்டாக்க வேண்டும்? பாலக்கோட்டில் நான் பிளஸ் டூ உயிரியல் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டது இது. அதற்கு ஒரு விடை, ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள மெல்லிய உறையான செல் சவ்வில் இருக்கிறது.

மார்கழியில் அக்கா வீட்டு அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வெள்ளையாக உறைந்து நிற்கும். பக்கத்திலேயே கடலை எண்ணெய் சாய்த்தால் ஓடும். முதலாவதன் கொழுப்புச் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை, நெருங்கி அடுக்கிக்கொள்ளும். மற்றதில் பெரும்பாலும் நடுவே வளைந்தவை. செல் சவ்விலும் இந்த இரண்டு வகையும் உண்டு. நேர்ச் சங்கிலி மட்டுமே கொண்ட டிபிபிசி என்ற பாஸ்போலிப்பிட்டால் (சவ்வின் அடிப்படையான கொழுப்பு வகை) சவ்வு செய்தால், 41 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது விறைத்துவிடும். நம் உடம்புச் சூடோ 37. அதில் கொலஸ்ட்ராலைக் கலந்தால், சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அடுக்கைக் கலைத்து விறைப்பைத் தளர்த்துகிறது. மூன்றில் ஒரு பங்குபோலச் சேர்ந்தால் 41 டிகிரியில் நடக்கும் திடீர் மாற்றமே ஏறக்குறைய மறைந்துபோகும். ஏற்கெனவே இளகிய சவ்விலோ அதுவே நேர்மாறாக வேலை செய்கிறது. தட்டையான அதன் நான்கு வளையங்கள் துவளும் சங்கிலிகளை நிமிர்த்துகின்றன. சவ்வு சற்றுத் தடித்து, நீர் கசிவது குறைகிறது. அப்போதும் மூலக்கூறுகள் பக்கவாட்டில் நழுவிக்கொண்டேதான் இருக்கும். கட்டியும் தட்டக்கூடாது, நீர்த்தும் போகக்கூடாது என்று களி கிண்டுகிறவர்களுக்கு இந்தப் பதம் சொல்லாமலே விளங்கும்.

சிவப்பணுவின் சவ்வில் ஏறக்குறைய ஒரு பாஸ்போலிப்பிட்டுக்கு ஒரு கொலஸ்ட்ரால் இருக்கிறது. தன்னைவிடக் குறுகிய நுண்குழாய்க்குள் மடங்கி நுழைந்து, கிழியாமல் மறுபக்கம் வருகிறது அந்த அணு. அதைத் தாங்கும் புரத வலைக்கும் இதில் பெரும் பங்குண்டு.

அடுத்த இதழில் ‘கழிவு’ என்ற சொல்லைத் திருத்தி, சவ்வின் படம் ஒன்றும் போடுங்கள். பேருந்தேறிப் போய் அக்காவுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.