அவள் சொன்னதும் நீ நினைத்ததும்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

மகளைப் பற்றி நீ எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டாள், அன்றைக்கெல்லாம் சோறே இறங்கவில்லை என்கிறாய். கமலா, அவள் சொன்னது அவ்வளவுதான். 'இனி நான் அவளுக்கு வேண்டாதவள்' என்பது உன் மனம் சேர்த்துக்கொண்டது. உன்னை வாட்டியதும் அதுதான். அது வந்த வேகத்தில், எண்ணம் என்றே தெரிவதில்லை. கண்ணால் கண்டதுபோல நம்பிவிடுகிறோம். அப்புறம் நினைவும் அதன் பின்னாலேயே போகிறது. போன வாரம் அவள் ஆசையாகப் பேசியதெல்லாம் மறந்துவிடும், என்றைக்கோ முகம் சுளித்தது மட்டும் துல்லியமாக வரும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக்கிடம் ஒரு பெண் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பதற்றம் தெரிந்தது. சொல்லும் விஷயம்தான் காரணம் என்று பெக் எண்ணினார். விசாரித்தால், 'இவருக்கு என் பேச்சு சலிப்பாக இருக்கிறதோ' என்ற நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! தானாக எழும் இத்தகைய எண்ணங்களைப் பிடித்து நிறுத்தி, 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்கப் பழக்கும் சிகிச்சையை 1960-களில் அவர் உருவாக்கினார்.

நல்லதையே நினை என்று நான் சொல்லமாட்டேன். அந்த அறிவுரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மகள் நிஜமாகவே விலகியிருந்தால் வருத்தப்படத்தான் வேண்டும். ஆனால் அது தெரியுமுன்பே ஏன்? அதுவும் வலியில் தூங்காமல் கிடந்த ராத்திரிக்கு மறுநாள். அப்படிப்பட்ட நாளில் சின்னச் சொல்லும் சுருக்கென்று தைக்கும்.

பிரிவுபசார விழாவில் பேச வேண்டும், நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றாயே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். பயத்திலும் ஆர்வத்திலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுமுன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்றவர்களே நன்றாகப் பேசினார்கள். படபடப்பை அடக்கப் பார்க்காதே, அதற்கு உற்சாகம் என்று பெயர் வைத்துப் பார்.

முதலில் மகளுக்குப் போன் போடு. "அன்னைக்கு ஏன் அவசரமா வச்சிட்டே?" என்று கேட்டுவிடு. என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
வசந்தா