எடுவார்டோ, இந்த வருடம் 23-ஆம் தேதி பதிவு இல்லை

அன்புள்ள எடுவார்டோ,

பிப்ரவரி 23 வந்து போய்விட்டது. வழக்கமாக அன்றைக்கு இந்தத் தளத்தில் உங்களைப் பற்றி ஒரு பதிவு வரும். இந்த வருடம் வரவில்லை, இனியும் வராது. ஏன் என்று விசாரித்தவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட உங்களுக்கே எழுதிவிடலாமே என்று உட்கார்ந்தேன். நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. தமிழில் எழுதுவதில் அப்படியொரு தைரியம் கிடைக்கிறது. மற்றவர்கள் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கும்.

பர்மிங்காமில் நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 2008, ஆர்செனல் கால்பந்து அணிக்காக நீங்கள் இறங்கிய ஆட்டம், தொடங்கி மூன்றாவது நிமிடம், எதிரணி டிஃபென்டர் ஒருவர் பாய்ந்ததில் உங்கள் இடது கணுக்கால் முறிந்தது. இரண்டு நாள் கழித்து உங்களுக்கு 25 வயது நிறைந்தது. அந்த டிஃபென்டரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவரைத் திட்டுவதற்கென்றே நாலு பேர் வந்துவிடுவார்கள். அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் என்றைக்கும் நம்பியதில்லை. ஒளிபரப்பியவர்கள் அந்தக் காட்சியை மறுபடி போட்டுக் காட்டவில்லை. அந்த நாகரிகம் அப்புறம் இணையத்துக்கு இல்லாமல் போனது. நான் அந்தப் படத்தைப் போட்டதில்லை, எழுத மட்டும்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

என்ன எழுதினேன்? அன்றைக்கு இங்கிலாந்து லீகில் ஆர்செனல் ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்தது. வால்காட் இரண்டு கோல் போட்டும், கடைசி நேரப் பெனால்டியில் 2-2. ஆட்டம் முடிந்ததும் கேப்டன் காலாஸ் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சீசன் முடிவில் மான்செஸ்டர் யுனைடெட்டைவிட நாலு புள்ளி குறைவு, மூன்றாவது இடம். கைநழுவிப் போன கோப்பையின் கதை; அதில் உங்கள் எலும்பு ஒரு திருப்பம். வருடா வருடம் இதையே திருப்பிப் போட்டு எழுதினேன், இங்கே அதிகம் படிக்கப்பட்டதும் அதுதான். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் கேட்கிறேன். ஆனால் உங்களை எனக்கு வேறு எப்படித் தெரியும், சொல்லுங்கள். 2007 ஜூலையில் வந்தீர்கள், பிப்ரவரியில் விழுந்தீர்கள். நடுவில் இருந்த ஏழெட்டு மாதத்தில், அதுவும் பாதி நாள் பெஞ்சில் இருந்தவரை, டிவியில் பார்க்கும் ஒருவன் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்?

குரோஷியாவின் ஸாக்ரெபில் அதற்கு முன்னால் எட்டு வருடம் இருந்தது. அதை நான் தேடிப் படித்ததெல்லாம் வெகு பின்னால்.

பிரேசிலில் ரியோவின் பாங்கு பகுதியிலிருந்து 16 வயதில், 1999-ல், நீங்கள் ஸாக்ரெபின் டினாமோ கிளப்புக்கு வந்தபோது குரோஷியாவில் போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. பக்கத்து ஊரான ஸாப்ரெஷிச்சில் இன்கெர் என்ற கிளப்புக்கு ஒரு சீசன் கடனாக அனுப்பினார்கள். 2002-ல் குரோஷியக் குடியுரிமை. டினாமோ என்றால் எப்போதும் கோப்பையும் கையுமாக இருக்கும் கிளப் என்று இப்போது பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். 2004-05 சீசனில் முதல் ஆறு இடத்துக்குள்கூட வர முடியாமல், கீழே இறங்காமல் தப்பிக்கும் பிரிவில் ஆடிய டினாமோவிலும் நீங்கள் இருந்தீர்கள். அந்த வருடத்தைப் பற்றி யாரும் பதிவு எழுதுவதில்லை.

பிறகு 2006-07. 34 கோல், ஒரே சீசனில், அதுவும் 32 ஆட்டத்தில். அதற்கு முன்பிருந்த சாதனை கோரன் விலாவோவிச்சின் 29. லீகும் கோப்பையும் சேர்த்து டினாமோவுக்கு. 'சின்ன லீக்தானே' என்று ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன், அதனால் அந்தப் பேச்சின் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியும். அந்த சீசனில் 12 அணிகள், 33 சுற்று. அதாவது ஒவ்வொரு அணியையும் மூன்று முறை சந்திக்க வேண்டும். கோப்ரிவ்னிட்ஸாவின் ஸ்லாவென் பெலூபோ டிஃபென்டருக்கு நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். வெலிக்கா என்ற கிராமத்திலிருந்து, ஒரு கல் நிறுவனத்தின் பெயரிலேயே ஆடிய காமென் இன்கிராட் இருந்தது. அந்த வருடம்தான் அது கீழே இறங்கியது. இறங்காமல் இருக்க ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்று பத்துப் பேரையும் பெனால்டி பாக்ஸுக்குள் நிறுத்துகிற அணிகளுக்கு எதிராக, பழகிய முகங்களுக்கு நடுவில், இடமே இல்லாத இடத்தில் போட்ட கோல்கள் அவை. பெரிய லீகில் ஸ்ட்ரைக்கருக்கு ஓட இடமாவது கிடைக்கும். அந்த 34 இன்றைக்கும் முறியடிக்கப்படாமல் நிற்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது அந்த 34-ஐப் பற்றியும் இல்லை. 2006 அக்டோபர் 11, ஸாக்ரெபின் மாக்சிமிர் மைதானம், யூரோ 2008 தகுதிச் சுற்றில் குரோஷிய அணிக்காக இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். இணையத்தில் அந்த ஆட்டத்தைத் தேடினால் முதலில் வருவது இங்கிலாந்தின் கேரி நெவில் தன் கோல்கீப்பர் ராபின்சனுக்குப் பின்னால் தட்டிவிட்ட பந்து. 69-ஆவது நிமிடம். உருண்டு வந்த பந்து ஒரு மேட்டில் பட்டு எகிறுகிறது, ராபின்சன் காற்றை உதைக்கிறார், பந்து கோலுக்குள். ஊரே சிரித்த கோல். ஆட்டத்தின் முடிவு 2-0 என்பதும், அது இரண்டாவது கோல் என்பதும் சிரித்தவர்களுக்கு நினைவில்லை. முதல் கோலைப் பார்க்க வீடியோவை எட்டு நிமிடம் பின்னால் இழுக்க வேண்டும்.

இழுத்துப் பார்த்தேன். டெர்ரி, ஃபெர்டினாண்ட், கேரகர் என்று மூன்று சென்டர் பேக். மூவருமே உங்களைவிட உயரம். அன்றைக்கு இங்கிலாந்துப் பயிற்சியாளர் மெக்லாரன் ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தும் ஒரு புது ஏற்பாட்டை முயன்று பார்த்த நாள். உங்கள் அணியின் நிகோ கோவாச் பந்தைத் தூக்கிப் போடுகிறார். சாதாரண கிராஸ்தான், உயரமான ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்தால் முட்டி உள்ளே தள்ளுவதற்கான பந்து. நீங்கள் முட்டித் தள்ளவில்லை. தலையில் வாங்கி, திசையை மட்டும் மாற்றி, மேலே அனுப்பினீர்கள். கோல் கோட்டிலிருந்து ஓரடி முன்னால் வந்திருந்த கோல்கீப்பரின் தலைக்கு மேல் அது வளைந்து, அவசரமே இல்லாமல் இறங்கியது. அது போகிற வேகத்தைப் பார்த்தால் ராபின்சன் எட்டிவிடுவார் என்றுதான் தோன்றும். எத்தனை தடவை பார்த்தாலும் தோன்றுகிறது. பலம் இருக்கிறவன் போடுகிற ஹெட்டர் இல்லை அது. உயரம் குறைந்தவன், தான் எங்கே நிற்கிறோம், மற்றவன் எங்கே நிற்கிறான் என்று பந்து வருவதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தால் மட்டும் வருகிற ஹெட்டர். ஸாப்ரெஷிச்சிலும் வெலிக்காவிலும் கற்றது என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தகுதிச் சுற்றில் பத்து கோல் போட்டீர்கள். இஸ்ரேலில் 4-3 என்று ஜெயித்த ஆட்டத்தில் மூன்று உங்களுடையவை. அதே வருடம் ஜூனில் உலகக் கோப்பைக்கு உங்களை அழைத்துப் போகாத அதே குரோஷிய அணிக்காக. அப்படிப் பாடுபட்டு அணியை யூரோ 2008-க்குக் கொண்டு சேர்த்துவிட்டு, அந்தப் போட்டி நடந்தபோது நீங்கள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தீர்கள். வியன்னாவில் துருக்கிக்கு எதிராக 119-ஆவது நிமிடத்தில் கோல் போட்டவர் கிளாஸ்னிச். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு திரும்பி வந்தவர். அதற்கும் துருக்கி பதில் கோல் போட்டு, பெனால்டியில் குரோஷியா வெளியேறியது. நீங்கள் இருந்திருந்தால் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த மாதிரி வாக்கியங்களை நிறைய எழுதிவிட்டேன்.

கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டினாமோவை விட்டு ஏன் போனீர்கள்? 34 கோல் போட்டவன் அந்த ஊரிலேயே இருந்திருந்தால், இன்னும் மூன்று வருடம் சக வீரர் மோட்ரிச் பாஸில் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரி, அது நடக்காது. மோட்ரிச்சும் அடுத்த வருடமே போய்விட்டார். சோர்லூக்கா உங்களோடேயே போனார். அப்புறம் மாண்ஜூகிச், கோவாசிச், குவார்டியோல். குரோஷிய கிளப்புகளுக்கு டிவி பணமும் டிக்கெட் பணமும் சொற்பம், வளர்த்து விற்றால்தான் அடுத்த வருடம் ஓடும். 2006 ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில், ஆர்செனல் புதிதாகத் திறந்த எமிரேட்ஸ் மைதானத்தில் முதல் ஐரோப்பியப் போட்டி கோலைப் போட்டதே எதிரணிச் சட்டையில் இருந்த நீங்கள்தான். அன்றைக்கே உங்கள் மேல் விலைச்சீட்டு ஒட்டியாகிவிட்டது. இதெல்லாம் தெரிந்தும் கோபம் வருகிறது.

அந்த விற்பனைகளில் யார் பங்கு எவ்வளவு என்பதில் நான் இறங்கப் போவதில்லை. மோட்ரிச், லோவ்ரென் பரிமாற்றப் பணம் தொடர்பான வழக்கில் டினாமோவின் முன்னாள் தலைவர் மாமிச்சுக்கு 2018-ல் ஒசியெக் நீதிமன்றம் ஆறரை வருடம் தண்டனை கொடுத்தது. அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. உங்களைப் பற்றியும் நிறைய எழுதினார்கள். அதை நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், நானாக எதுவும் சொல்வதாக இல்லை.

ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்கு எதிரான ஆட்டத்தையும் விட்டுவிட முடியாது. 2009 ஆகஸ்டில் அவர்களுடைய கோல்கீப்பர் போருச் முன்னேறி வந்தார், நீங்கள் விழுந்தீர்கள், பெனால்டி கிடைத்தது, நீங்களே போட்டீர்கள். அவர் கை படவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஇஎஃப்ஏ இரண்டு ஆட்டம் தடை போட்டது, மேல்முறையீட்டில் நீக்கியது. நான் அன்றைக்கு உங்களைக் காப்பாற்றி எழுதினேன்: கால் ஒருமுறை அப்படி முறிந்தவன், எதிரே பாய்ந்து வரும் ஆளைக் கண்டால் உடம்பு தானே ஒதுங்கும் என்று. இன்றைக்கும் அதில் உண்மை இருப்பதாகவே படுகிறது. ஆனால் எழுந்து ரெஃப்ரியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடைந்த கால் எல்லாவற்றுக்கும் பதில் ஆகாது. அன்றைக்கு அதைப் பதிலாக வைத்தது நீங்கள் இல்லை, நான்தான்.

அதே வருடம் மார்ச்சில் பர்ன்லிக்கு எதிராக ஒரு கோல் போட்டீர்களே. சக வீரர் சாங், டிஃபென்டர்களுக்கு மேல் கொத்தித் தூக்கிய பந்து தோளைத் தாண்டி வருகிறது. நீங்கள் திரும்பவே இல்லை. ஓடுகிற ஓட்டத்தில், பக்கவாட்டில் நின்றபடி, இடது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு தொடுகை. அதே இடது கால். அதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது நேற்று பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. காலைப் பற்றித்தான் அத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

2010 கோடையில் உக்ரைனின் டோனெட்ஸ்க் கிளப்பான ஷக்தாருக்குப் போனீர்கள். அக்டோபரில் அந்தச் சட்டையில் எமிரேட்ஸுக்கு வந்து, ஆர்செனல் 5-0 என்று முன்னிலையில் இருந்தபோது ஒரு கோல் போட, உள்ளூர் ரசிகர்களே உங்களுக்குக் கைதட்டினார்கள். நெகிழ்ச்சியான காட்சி என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து கோல் வாங்கி நிற்கிறவனுக்குக் கைதட்டுவது சுலபம். அதில் பாதி இரக்கம். இரண்டு வாரம் கழித்து டோனெட்ஸ்கில் மறு ஆட்டம். வால்காட் முதலில் போட்டார், ஷக்தார் சமன் செய்தது, இடைவேளைக்குச் சற்று முன்னால் நீங்கள் இரண்டாவதைப் போட்டீர்கள். அதுவே வெற்றி கோல், 2-1. அன்றைக்கு உங்கள் கணுக்கால் எனக்கு நினைவுக்கே வரவில்லை. டிவி முன்னால் எழுந்து நின்று உங்களைத் திட்டினேன். இங்கே எழுத முடியாத வார்த்தைகள்தான், டினாமோவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அந்த வெலிக்கா கிராமத்து ரசிகன் எப்படித் திட்டியிருப்பானோ அப்படி.