நாக்வாவின் படகும் மக்கிப்போன பின்பலகையும்

தாராவி, மும்பை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கையெல்லாம் ரெசின். மழைக்காலம் முழுக்க ஒரு படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். படகு கட்டுகிற ஓடாவி வீட்டுப் பிள்ளை நீ, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? வீட்டில் சொன்னால், "தண்ணித் தொட்டி செய்யுறவருக்குப் படகு எதுக்கு?" என்கிறாள்.

மாகிம் கோலிவாடாவில், அதாவது கோலி மீனவர் குடியிருப்பில், எனக்குப் பழக்கமான நாக்வா ஒருவர் இருக்கிறார். படகுக்காரரைக் கோலிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய ஃபைபர் படகில் எஞ்சின் தொங்குகிற பின்பலகை போன வருஷமே ஆட ஆரம்பித்திருந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது, பெயின்ட் பளபளவென்று இருக்கும். எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால்தான் அமரமே, அதாவது படகின் பின்பக்கமே, மூச்சு விடுகிற மாதிரி உள்ளே போய் வெளியே வரும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டினேன். ஓரத்தில் 'டக் டக்'. நடுவில், போல்ட்டுக்குக் கீழே, நனைந்த சாக்கைத் தட்டுகிற மாதிரி 'தொத் தொத்'.

அப்போதே அறுத்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. நாக்வாவுக்குக் கடலுக்குப் போகிற அவசரம், எனக்கு வேறு வேலை. உள்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, நீர்க்க இருந்த ரெசினை ஊற்றி அடைத்துக் கொடுத்துவிட்டேன். ஈரமான கட்டை ரெசினைக் குடிக்குமா? குடிக்காது. உள்ளே இருந்த தண்ணீரையும் சேர்த்து மூடி போட்டதுதான் மிச்சம். காசும் வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அதனால் இந்த முறை கூலியைப் பற்றி நான் பேசவே இல்லை.

ஜூன் வந்ததும் படகைக் கரையேற்றித் தார்ப்பாய்ப் பந்தல் போட்டோம். உங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நல்ல வெயில், எதை வைத்தாலும் காயும். இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது படகு சும்மா கிடக்கிற இரண்டு மாதமும் அடைமழை. சுவரே வியர்க்கிற ஊரில் மரத்தை உலர்த்து என்றால் எப்படி? இரண்டு ஹாலஜன் விளக்கு, ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான் என் ஆயுதம்.

உள்பக்கத்து ஃபைபர் தோலை மட்டும் கிரைண்டரால் அறுத்தெடுத்தேன். ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டுவிட்டேன், புதுசு ஒட்டுவதற்குப் பிடிமானம் வேண்டுமே. வெளித்தோலைத் தொடவில்லை, அதுதான் நமக்கு அச்சு. தோலைப் பெயர்த்ததும் ஒரு வாடை வந்தது பார், மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த கோணி மாதிரி. உள்ளே பிளைவுட் என்று சொல்ல ஒன்றுமில்லை. டீக்கடையில் வடிகட்டிக் கொட்டின தூள் மாதிரி கருப்பாக, கையால் அள்ளுகிற பதத்தில் இருந்தது. மேலே மட்டும் ஒரு சாண் நல்ல கட்டை. அந்த ஒரு சாணைப் பெயர்க்கத்தான் உளியோடு இரண்டு நாள்!

எங்கிருந்து தண்ணீர் போனது என்று பார்த்தால், எஞ்சின் போல்ட் ஓட்டைகள்தான். எஞ்சின் மாட்டிக் கொடுத்த ஆள் ஓட்டையைப் போட்டுப் பூச்சில்லாத வெறும் கட்டையிலேயே போல்ட்டை இறுக்கியிருக்கிறான். கொஞ்சம் சீலன்ட் கூட இல்லை. பலகையின் மேல்விளிம்பிலும் ஒரு கீறல், அது வழியாக மழை. உன் அப்பா வள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கவே விடமாட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? உப்புத்தண்ணீர் பூஞ்சைக்கு அவ்வளவாக ஆகாது, மழைத்தண்ணீர்தான் கட்டைக்கு எமன். அவர் ஏன் அப்படி அரற்றினார் என்று இப்போதுதான் புரிகிறது.

பிளைவுட் வாங்கிய கதை தனி. படகுக்கு ஏற்ற மரைன் பிளைவுட்டுக்கான 710 முத்திரை குத்திய பலகை என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். மனசு ஒப்பாமல் ஒரு துண்டை வெட்டி அடுப்பில் வேகவைத்தேன். அந்த முத்திரைக்கு உரிய பலகை 72 மணி நேரம் கொதித்தாலும் பிரியக் கூடாது. இது மதியச் சாப்பாட்டுக்குள் அப்பளம் மாதிரி ஏடு ஏடாக வந்துவிட்டது. கடைக்காரரோடு ஒரு சண்டை, பாத்திரம் பாழானதற்கு வீட்டில் ஒரு சண்டை. அப்புறம் வேறு இடத்தில் வாங்கினேன்.

18 மில்லி பலகை இரண்டை ஒட்டி 36 ஆக்கி, அட்டையில் அளவெடுத்து அறுத்தேன். ஓரங்களுக்கு மூன்று பூச்சு எபாக்ஸி ரெசின். தொட்டிக்கு ஊற்றுகிற பாலியஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் மரத்தோடு அதற்கு ஒட்டுறவு குறைவு, நாளானால் உரிந்துவரும். அதனால் நாக்வாவிடம் கெஞ்சி எபாக்ஸிக்குச் சம்மதம் வாங்கினேன். எபாக்ஸியில் மரத்தூளைக் கலந்து மருதாணி பதத்தில் தடவி, பலகையை வைத்து கிளாம்ப் போட்டேன். ரொம்ப இறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் ஒன்றும் இருக்காது. ஓரத்தில் லேசாகக் கசிந்ததும் நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் அவசரத்தில் அரைக் கிலோ எபாக்ஸியை ஒரே மக்கில் கலந்துவிட்டேன். இறுகும்போது சூடேறுகிற சரக்கு அது. ஐந்து நிமிஷத்தில் மக் கொதித்துப் புகைந்து உருகிப்போனது. அதற்கப்புறம் அகலமான தட்டில்தான் கலவை.

மூலைகளை ஸ்பூனின் பின்பக்கத்தால் வழித்து வளைவாக்கினேன். மேலே ஒட்டுகிற கண்ணாடி இழைத் துணி செங்குத்து மூலையில் படியாமல் காற்றைப் பிடித்துக்கொள்ளும். பழைய தோலையும் சரிவாக இழைத்தேன், ஒரு மில்லி கனத்துக்குப் பன்னிரண்டு மில்லி நீளம். போல்ட் ஓட்டைகளை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் துளைத்தேன். இப்போது போல்ட்டுக்கும் கட்டைக்கும் சம்பந்தமே இல்லை.

கோலிகளின் நாரளி பூர்ணிமா திருவிழாவுக்கு முந்தின நாள் எஞ்சினை ஏற்றி, நாக்வாவே காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். படகே ஆடியது, பலகை ஆடவில்லை. மறுநாள் கடலுக்குத் தேங்காய் விட்டுவிட்டுப் போனார்கள். கூலி பாதி பணம், பாதி பொம்பில் கருவாடு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மற்றபடி எல்லாரும் சுகம். மூட்டுவலி எனக்கு அப்படியேதான். தாராவியை இடித்துப் புதுசாகக் கட்டுகிற திட்டத்துச் சர்வேக்காரர்கள் வீட்டுக் கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனதிலிருந்து தெருவில் வேறு பேச்சே கிடையாது. பட்டறைக்கும் இடம் கொடுப்பார்களா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பொங்கலுக்கு நாகர்கோவில் வண்டியில் வருகிறோம். மக்கின கட்டையில் ஒரு கை அள்ளி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், உன் அப்பாவிடம் காட்ட. கருவாட்டையும் அதையும் ஒரே பையில் வைக்காதீர்கள் என்று இப்போதே உத்தரவு வந்துவிட்டது.

உன் மச்சான்