கோழி உரிப்பவரின் தொழிலைக் கொப்பியில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எனது அண்ணர் யாழ்ப்பாணத்துச் சந்தையொன்றில் 22 ஆண்டுகள் கோழி உரித்துக் குடும்பத்தைப் பார்த்தவர். மூளைக் கட்டியால் சென்ற ஆண்டு காலமானார். பதினொரு மாதங்கள் அவரது கிளினிக் கொப்பியைச் சுமந்து திரிந்தவன் நான். வெற்றிலை, சாராயம், சிகரெட், கைத்தொலைபேசி எல்லாவற்றையும் கேட்டு எழுதியவர்கள், தொழில் என்ற இடத்தில் மட்டும் 'கூலி' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டார்கள்.

விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கும் அந்தக் கூலியில், கழுத்தறுத்த கோழி செட்டையடிக்கும்போது தெறிக்கும் இரத்தம் முகத்திலும் கண்ணிலும் படும். எலும்பு கீறிய விரல்களில் புண் ஆறிய நாளே இல்லை. அதே விரல்களாலேயே குடலையும் இழுத்தெடுப்பார். கையுறை போட்டால் கத்தி வழுக்கும் என்பார்.

கோழிகளில் புற்றுநோயை வைரசும் உண்டாக்கும் என்பதற்கு வழிகாட்டிய அமெரிக்க ஆய்வாளர் பெய்ட்டன் ரவுஸின் ஆய்வு 1911இல் வெளிவந்தது. அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வைரசை ஆய்வுகூட விலங்குகளின் மூளையில் செலுத்தியபோது கட்டிகள் உருவாகியுள்ளன. அமெரிக்காவில் கோழி இறைச்சித் தொழிலாளர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வுகள், சில புற்றுநோய்களால் அவர்கள் இறப்பது எதிர்பார்த்ததை விட அதிகம் எனக் கண்டன. கோழி அறுக்கும் வேலைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாம் எனச் சிறிய ஆய்வொன்றும் சுட்டியது. எனினும் இது நிறுவப்பட்ட உண்மையன்று. மூளைக் கட்டிக்குச் சூழலிலிருந்து வரும் காரணங்களில் இன்றுவரை உறுதியாக ஏற்கப்பட்டிருப்பது எக்ஸ் கதிர் போன்ற அயனாக்கும் கதிர்வீச்சே. அண்ணருக்கு நோய் கோழியால்தான் வந்தது என்று நான் வாதிடவில்லை. நன்றாக வெந்த இறைச்சியில் இவ்வைரசுகள் செயலிழந்துவிடும் என்பதால் உண்பவர்கள் அஞ்சவும் வேண்டாம். நான் எழுதுவது அறுப்பவர்களுக்காக.

'கூலி' என்று பதிந்த கொப்பிகளை எத்தனை ஆண்டு சேர்த்து வைத்தாலும் எந்த ஆய்வாளருக்கும் அவற்றால் பயனில்லை. ஆகவே புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருபவரிடம் என்ன வேலை, எத்தனை ஆண்டு, கையால் எதைத் தொட்டார் என்ற மூன்றையும் கேட்டு எழுதுமாறு வட மாகாணச் சுகாதாரத் திணைக்களம் பணிக்க வேண்டும். உள்ளூராட்சி சபைகள் இறைச்சிக் கடைகளைக் குத்தகைக்கு விடும்போது, குழாய்நீரும் சவர்க்காரமும் முகக் கவசமும் கத்தி வழுக்காத கையுறையும் இருக்க வேண்டுமென நிபந்தனை இடலாம். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இறைச்சியைப் பார்க்க வரும் அதே நாளில் பார்த்துவிடலாம். அண்ணரின் மூத்த மகன் இப்போது அதே கடையில்தான் வேலை செய்கிறான்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.