ஹிடால்கோ கவுண்டியின் புரொமோத்தோராக்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய சகோதரிகளுக்கும், துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஹிடால்கோ கவுண்டியின் கொலோனியா எனப்படும், அடிப்படை வசதி குறைந்த குடியிருப்புகளில் நாங்கள் நடத்திய ஊட்டச்சத்து வகுப்புகள் நிறைவடைந்துள்ளன. அவை நடந்தேறியதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் நன்றி புரொமோத்தோராக்களுக்கு. அந்தந்தத் தெருவிலேயே குடியிருந்து, பயிற்சி பெற்று, அக்கம்பக்கத்தாருக்கு உடல்நலச் செய்திகளை எடுத்துச்சொல்லும் பெண்கள் இவர்கள். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய், எந்த வீட்டில் மாதக் கடைசியில் மளிகை தீர்ந்துபோகும் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். ஏழைக் குடும்பங்களுக்கான ஊட்டச்சத்துக் கல்வித் திட்டத்தை அமெரிக்க வேளாண்மைத் துறை 1969இல் நாடெங்கும் தொடங்கியபோது, அந்தந்தச் சமூகத்தவரையே பயிற்றுநர்களாக அமர்த்தியது எத்தனை சரியான முடிவு என்பதை இவர்களோடு பழகியவர்கள் உணர்வார்கள்.

ஒரு வகுப்பில், 355 மில்லி கோலா டப்பாவில் அச்சிட்டிருந்த 39 கிராம் சர்க்கரையை ஒரு சகோதரி தேக்கரண்டியால் கண்ணாடிக் குவளையில் அள்ளிப் போட, பிள்ளைகள் உரக்க எண்ணினார்கள். பத்தை நெருங்கும்போது ஒரு தாய் எழுந்துவந்து குவளையைக் கையில் வாங்கிப் பார்த்தார். அடுத்த வாரமே, ஹமைக்கா எனப்படும், செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த உலர்ந்த பூவைக் கொதிக்கவைத்து, சர்க்கரை குறைத்த பானத்தை அவரே எல்லோருக்கும் செய்து கொடுத்தார்.

உங்கள் உணவை விட்டுவிடுங்கள் என்று இந்தச் சகோதரிகள் யாரிடமும் சொல்லவில்லை; எங்களுக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த மக்காச்சோளத்தில் செய்யும் டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் கால்சியம் கூடுகிறது, நியாசின் உடலில் சேரும் நிலைக்கு வருகிறது. தாய்சேய் நலனுக்கான அமெரிக்க அரசின் விக் (WIC) உணவு உதவித் திட்டத்தின் உணவுப் பட்டியல் 2009இல் மாறியபோது சோள டார்ட்டியாவும் அதில் இடம்பெற்றது. அதனால் பீன்ஸும் சப்பாத்திக்கள்ளி மடலும் அடுப்படியில் அப்படியே இருக்க, பன்றிக் கொழுப்பை மட்டும் குறைத்து, வெங்காயமும் பூண்டும் கூட்டிச் சமைக்கப் பழக்கினார்கள்.

கூடத்தையும் சமையலறையையும் திறந்துவிட்ட தேவாலயத்தாருக்கும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிமார்களுக்கும், உணவுப் பொட்டலங்களில் அச்சிட்ட சத்து விவரங்களைப் படித்துப் பழகத் தாய்மாரைத் தம் கடைக்குள் அனுமதித்த மளிகைக்காரருக்கும் எங்கள் நன்றி. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தால், ஸ்னாப் என்ற அரசு உணவு உதவித் திட்டத்தைச் சேர்ந்த ஸ்னாப்-எட் ஊட்டச்சத்துக் கல்விக்கான புதிய கூட்டாட்சி நிதி அவ்வாண்டு செப்டம்பருக்குப் பின் நின்றுபோனது. அதன் பிறகும் பானையும் பருப்பும் தம் வீட்டிலிருந்தே கொண்டுவந்து வகுப்பை நடத்தியவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

அடுத்த வகுப்பும் அதே தேவாலயக் கூடத்தில்தான் நடக்கும். சென்ற முறை இடமில்லாமல் திரும்பிப்போன தாய்மாரை முதலில் அழைத்துவருமாறு சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
வகுப்பு ஒருங்கிணைப்புக் குழுவினர்